இன்னொரு கையைக் காட்டு

தென்துருவத்துக்குப் போய் வந்தவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பென்குயின் பார்த்தீர்களா? பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்கிறார். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் கேட்கிறார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார். பார்த்தேன், தூரத்தில் நாலைந்து. ஆனால் அங்கே இருந்த மாதங்களில் நான் அதிகம் பார்த்தது ஒரு பஞ்சாப்காரரின் மூக்கை. அதைச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. எனக்கும் அதைச் சொல்லப் பிடிப்பதில்லை. மூக்கில் ஆரம்பிக்கும் பேச்சு கடைசியில் என் மனைவியின் விரல்களில் போய் நிற்கும்.

எங்கள் வீடு நீலகிரியில் எமரால்டு பக்கம். மேட்டில் கொஞ்சம் தேயிலை, கீழே ஓடையை ஒட்டிக் கொஞ்சம் கேரட். தோட்டத்தைப் பார்ப்பது அவள். நான் குன்னூர் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளில் ஜெனரேட்டர் பழுது பார்ப்பவன். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்டு போனால் என் போன் ஓயாது. அப்படி ஒரு ஃபேக்டரியில் பழக்கமான ஒருவர்தான் சொன்னார், தென்துருவத்தில் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒவ்வொரு வருடமும் கோடைக்கு மட்டும் டீசல் மெக்கானிக் எடுக்கிறார்கள் என்று. விண்ணப்பித்தேன், எடுத்தார்கள். ஐம்பது வயதை நெருங்கும் ஒருவனை யாரோ ஒருவர் உலகத்தின் அந்த முனைக்கு வா என்று கூப்பிட்டால், அவன் போகத்தான் செய்வான்.

அங்கே கோடை என்பது இங்கே மார்கழியும் தையும். அதாவது நீலகிரியில் உறைபனி கொட்டும் காலம். கிளம்புவதற்கு முந்தின நாள் என் பெட்டியைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"ஏனுங்க, நம்மூருப் பனி பத்தாதுன்னா அங்க போறீங்க?"

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் அப்போது கும்முட்டி அடுப்பில் கரியைப் போட்டுக் கையைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய விரல்கள் குளிரில் வெளுக்கும். கல்யாணமான முதல் பனிக்காலத்திலேயே அதைப் பார்த்தேன். சுண்ணாம்பைத் தொட்ட மாதிரி நுனி மட்டும் வெள்ளையாகிவிடும். கொஞ்ச நேரத்தில் நீலம் பூக்கும், பிறகு சிவந்து, குத்தலெடுத்து, பழையபடி ஆகிவிடும். கேரட் காட்டில் வேலை செய்யும் எந்தப் பெண்ணின் கைதான் ஒழுங்காக இருக்கிறது? ஒருத்திக்கு வெடிப்பு, ஒருத்திக்கு வீக்கம், இவளுக்கு வெளுப்பு. விடிவதற்கு முன்னால் மண்ணிலிருந்து கேரட்டைப் பிடுங்கி, தழையை அறுத்து, ஓடைத் தண்ணீரில் அலசி மூட்டை பிடித்தால்தான் லாரி நேரத்துக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். அந்தத் தண்ணீரில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். அதனால் அவள் விரல்களை யாரும் ஒரு நோயாக நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

நிலையத்தைப் பற்றி மூன்று வரியில் சொல்லிவிடலாம். கால்கள் மேல் நிற்கும் ஒரு இரும்புக் கட்டடம், அதைச் சுற்றிக் கறுப்புப் பாறை, பாறைக்கு அப்பால் பனி. சூரியன் மறையாது. ஜன்னலை அட்டையால் மூடிக்கொண்டுதான் தூங்க வேண்டும். வாசனை என்று ஒன்று கிடையாது. தேயிலை ஃபேக்டரியின் பச்சை வாசனையிலேயே வளர்ந்த என் மூக்குக்கு அது ஒரு தண்டனை. கடைசியில் டீசல் வாசனைக்காகவே ஜெனரேட்டர் அறையில் கூடுதல் நேரம் நிற்க ஆரம்பித்தேன்.

வேலைக்குக் குறைவில்லை. கப்பலில் வந்த பீப்பாய்களை இறக்க வேண்டும், ஜெனரேட்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூட்ட வேண்டும், ஏரியிலிருந்து தண்ணீர் ஏற்றும் குழாய் உறைந்தால் அதைத் தட்டிச் சூடுகாட்டி வழிக்குக் கொண்டுவர வேண்டும். விஞ்ஞானியோ மெக்கானிக்கோ, முறை வைத்துப் பாத்திரம் கழுவ வேண்டும், கழிப்பறையும் கழுவ வேண்டும். எங்கள் குப்பையைக்கூட அங்கே விட்டுவிட்டு வர முடியாது, டிரம்மில் அடைத்துக் கப்பலில் திருப்பி அனுப்ப வேண்டும். மனிதன் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாத இடம் அது. வீட்டை விட்டுவிட்டு மட்டும் போகலாம்.

போய்ச் சேர்ந்த மறுநாள் நிலையத்து டாக்டர், பாலக்காட்டுக்காரர், எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். குளிர் கடித்தால் வலிக்காது என்றார். அதுதான் அதன் குணம். மரத்துப்போன இடம் தன்னை மறைத்துக்கொள்ளும். உங்கள் மூக்கு வெளுத்திருப்பது உங்களுக்குத் தெரியாது, எதிரில் நிற்பவனுக்குத்தான் தெரியும். அதனால் இங்கே யாரும் தனியாக வெளியே போகக் கூடாது. இரண்டு பேராகப் போக வேண்டும். அவன் முகத்தை நீ பார், உன் முகத்தை அவன் பார்க்கட்டும். வெளுப்பு தெரிந்தால் தேய்க்காதே, நெருப்பில் காட்டாதே, கக்கத்தில் வைத்துக்கொள்.

பிறகு படங்களைக் காட்டினார். முதல் படம் நுனி வெளுத்த ஒரு விரல். எங்கள் வீட்டில் ஒவ்வொரு பனிக்காலமும் நான் பார்க்கும் விரல்தான் அது. அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று போய் கடைசிப் படத்தில் விரல் கறுத்திருந்தது. டாக்டரிடம் தனியாகப் போய் விவரம் சொன்னேன். "ஊட்டியிலா? அங்கே அவ்வளவு குளிரா?" என்றார். அன்றைக்கு வெளியே என்ன குளிர் என்று கேட்டேன். சொன்னார். எங்கள் ஓடைக்கரையில் தை மாதத்து விடியலில் அதே குளிர்தான் இருக்கும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இது வேறு நோயாகவும் இருக்கலாம், ஊருக்குப் போனதும் நல்ல இடத்தில் காட்டுங்கள், அதுவரை அவர் கையை யாராவது பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்றார்.

யார் பார்ப்பது? மகள் கல்யாணமாகித் திருப்பூரில். வீட்டில் அவள் ஒருத்திதான்.

எனக்கு ஜோடியாக வாய்த்தவர் பனி வண்டி ஓட்டும் பஞ்சாப்காரர். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாகக் கிடையாது. மூக்கு என்ற ஒரே சொல்லைக் கற்றுக்கொடுத்தேன். காற்று அடிக்கும்போது அவர் என் எதிரில் வந்து நின்று, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "மூக்கு!" என்று கத்துவார். நான் முகமூடியை இறக்கிக் காட்டுவேன். பிறகு என் முறை. தடியான, நல்ல குணமுள்ள மூக்கு. இரண்டு முறை அதில் வெளுப்பைக் கண்டு உள்ளே இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு முறை அவர் என் கன்னத்தைக் காப்பாற்றினார். கட்டிய மனைவியின் முகத்தை ஆயுள் முழுக்க அவ்வளவு கவனமாக நான் பார்த்திருப்பேனா என்று அப்போதே தோன்றியது.

வாரம் ஒரு முறை வீட்டோடு வீடியோவில் பேசலாம். படம் நகரும், நிற்கும், கட்டம் கட்டமாக உடையும். டாக்டர் பாடம் எடுத்த வாரமே கேட்டேன்:

"ஏம்புள்ள, வெரலு எப்படி இருக்குது?"

"வெரலு வெரலாத்தான் இருக்குது. நீங்க சாப்பிட்டீங்களா?"

"வெளுக்குதா?"

"எப்பவும் வெளுக்கறதுதானுங்களே. கும்முட்டில காட்டுனாச் சரியாப் போயிருது."

"அதான் கூடாதுங்கறாரு இங்க டாக்டரு. மரத்த வெரலுக்குச் சூடு தெரியாது. வெந்து போயிரும். கக்கத்துல வெச்சுக்க."

"கக்கத்துல கைய வெச்சுக்கிட்டு நின்னா லாரிக்காரரு கேரட்டப் புடுங்கித் தருவாரா?" என்று சிரித்தாள். படம் அந்தச் சிரிப்பிலேயே நின்றுவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். பேச ஆரம்பித்ததும் முதலில் கையைக் காட்ட வேண்டும். நிலையத்தில் நாங்கள் செய்வதுபோல. அவள் சலித்துக்கொண்டே காட்டுவாள். முதலில் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். இருந்தது எப்போதும் இருக்கும் காய்ப்பு மட்டும்தான். நிம்மதியாக இருந்தது. பஞ்சாப்காரரிடம் பெருமையாகச் சொன்னேன், நான் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு ஜோடி என்று.

தை பிறந்தது. அந்த வருடம் ஊரில் பனி கடுமை. ஓடைக்கரைப் புல் வெள்ளையாகக் கிடக்கிறது, மேட்டுத் தேயிலை பாதி கருகிவிட்டது என்றாள். கேரட்டையாவது காப்பாற்ற வேண்டும் என்று தினமும் எடுக்கிறாளாம். அந்த வாரத்திலிருந்து போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் காட்டினாள்.

"இன்னொரு கையைக் காட்டு" என்பேன்.

போனைக் கை மாற்றுவாள். படம் ஆடும், உடையும். பிறகு ஒரு கை வந்து நிற்கும். முதலில் கட்டைவிரல் இந்தப் பக்கம் இருந்தது, இப்போது அந்தப் பக்கம். சரி, இரண்டும் பார்த்தாயிற்று. வெளுப்பில்லை, கறுப்பில்லை. நான் திருப்தியாக வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். ஒரு நாள் அந்த இரண்டு கைகளையும் திரையிலிருந்து படமாகப் பிடித்து வைத்துக்கொண்டேன். பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

பருவம் முடிந்தது. பெட்டி கட்டியாயிற்று. எங்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய விமானம் வரவில்லை. பனிப்புயல். வெளியே கயிற்றைப் பிடிக்காமல் பக்கத்துக் கொட்டகைக்குக்கூடப் போக முடியாது. வேலையை ஒப்படைத்துவிட்டவனுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. படுக்கையில் கிடந்து போனைத் துழாவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த இரண்டு படங்களும் கண்ணில் பட்டன.

அவளுடைய இடது சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி எலும்பு விலகி அப்படியே கூடிவிட்டது. முதல் படத்தில் சுண்டுவிரல் கோணலாக இருந்தது. இரண்டாவது படத்திலும் சுண்டுவிரல் கோணலாக இருந்தது.

ஒரே படம் இரண்டு முறை பதிவாகிவிட்டது என்று நினைத்தேன். கண்ணருகே கொண்டு போய்ப் பார்த்தேன். இல்லை. முதல் படம் உள்ளங்கை. இரண்டாவது படத்தில் விரல் நுனிகளில் நான் மங்கல் என்று நினைத்தவை நகங்கள். அது புறங்கை. ஒரே கை. இடது கையைக் காட்டிவிட்டு, போனைச் சும்மா ஆட்டிவிட்டு, அதே இடது கையைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். கட்டைவிரல் பக்கம் மாறியதும் நான் நம்பிவிட்டேன். வெளுப்பைத் தேடத் தெரிந்த எனக்கு, எந்தக் கை என்று பார்க்கத் தெரியவில்லை.

டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, முறை இல்லாத நாளில் வீட்டுக்குப் பேசினேன்.

"வலது கையைக் காட்டு" என்றேன்.

படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பின்னால் சுவரில் காலண்டர் காற்றில் ஆடியது.

"என்னத்துக்குங்க இப்ப?" என்றாள்.

"காட்டு."

துணி சுற்றியிருந்தாள். போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஒற்றைக் கையால் பிரிக்க நேரமானது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் பனி அடித்த கொழுந்து மாதிரி கறுத்துச் சுருங்கியிருந்தன. கும்முட்டியில் காய்ச்சியபோது வெந்திருக்கிறது. வெந்தது தெரியவே இல்லை என்றாள். ஒரு நாள் நகம் கையோடு வந்தபோதுதான் தெரிந்ததாம்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது எழுத வேண்டாம். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்:

"சொல்லியிருந்தா வந்துருப்பீங்களா?"

வந்திருக்க முடியாது. விமானம் வரும் வரை அங்கிருந்து யாராலும் வர முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். போகும் முன்னால் நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன், நடுவில் திரும்ப வழியே இல்லாத ஊர் என்று.

"வெசனப்பட்டுக்கிட்டே அத்தனை பெரிய மிஷின்ல கைய வெப்பீங்க. வேண்டாம்னுதான்" என்றாள். இணைப்பு அறுந்தது.

அவள் பிறகு அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் உடனே கோயமுத்தூருக்குக் கொண்டு போகச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண் கூட்டிக்கொண்டு போனாள். நான் புயல் ஓயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களைப் போல ஒரு நாளை நான் இனிமேல் வாழ வேண்டாம். ஜன்னலை மறைத்து அடிக்கும் புயலில் நாள் முடிவதும் தெரியாது. பஞ்சாப்காரர் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டு வந்து வைப்பார். எதிரில் உட்கார்ந்திருப்பார். எப்போதாவது பழக்கதோஷத்தில் என் முகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

நான் வந்து சேர்வதற்குள் விரல்களை எடுத்துவிட்டார்கள். இரண்டிலும் முதல் கணு வரை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை:

"மூக்கு தோலுரிஞ்சு போச்சுங்களே உங்களுக்கு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் வந்து நோயாளிக்குத் தொந்தரவு கொடுக்காதீர்கள் என்றாள். நோயாளி என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அது ரத்தக் குழாய்கள் குளிரில் சுருங்கும் நோய் என்றார் பெரிய டாக்டர். பெயர் சொன்னார், வாயில் நுழையவில்லை. பல வருடமாக இருந்திருக்கிறது என்றார். மற்ற விரல்களுக்கும் வரலாம், மாத்திரையை விடக்கூடாது, குளிர் படக்கூடாது, முடிந்தால் மலையை விட்டு இறங்கிவிடுங்கள் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். மகள் வீட்டுப் பக்கம் போய்விடலாம் என்றேன். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மலையேறும் வழியில் பர்லியாறு தாண்டிக் குளிர் காற்று உள்ளே வரவும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கீழ போயி அந்த வெயில்ல நான் என்ன பண்றது? ரெண்டு வெரலுதான போச்சு" என்றாள்.

கொழுந்து கிள்ளுவது கட்டைவிரலும் அந்த இரண்டு விரலும்தான். இருந்தும் வந்த ஒரு மாதத்தில் இடது கையால் கிள்ளப் பழகிக்கொண்டாள். மெதுவாகத்தான் கூடை நிறையும். நான் பார்த்தால் வேகமாகக் கிள்ளுவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வேறு பக்கம் போய்விடுவேன்.

மறுவருடம் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "எனக்காக நீங்க நிக்க வேண்டாமுங்க" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சாப்காரர் போனார். அங்கே போய் ஒரு படம் அனுப்பினார். வேறு யாரோ ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். பஞ்சாப்காரர் மூக்கு நன்றாக இருந்தது.

இப்போது பனிக்காலத்தில் நானும் அவளோடு ஓடைக்கரைக்கு இறங்குகிறேன். தண்ணீரில் கை வைக்கும் வேலை என்னுடையது. அவள் கையுறை போட்டுக்கொண்டு தழை அறுப்பாள். கையுறை நனைந்தால் கழற்றி எறிந்துவிடுவாள், நான் கத்துவேன். நடுநடுவே நிறுத்தி, கையைக் காட்டு என்பேன். கூட வேலை செய்யும் பெண்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேர் ஒருத்தி கையை ஒருத்தி பார்த்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் பனி அதிகம். புல் காலடியில் நொறுங்கியது. லாரி மேலே ரோட்டில் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து, "கையைக் காட்டு" என்றேன்.

நனைந்த கையுறைகளை ஏற்கனவே கழற்றி எறிந்திருந்தாள். இடது உள்ளங்கையை நீட்டினாள்.

"இன்னொரு கை."

அதே இடது கையைத் திருப்பிப் புறங்கையைக் காட்டினாள். காட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான். இத்தனை நாள் கழித்து அதை வைத்து விளையாட அவளால் முடிந்திருக்கிறது. என்னால் முடியவில்லை. குனிந்து அவள் முந்தானைக்குள் இருந்த வலது கையை நானே பிடித்து வெளியே எடுத்தேன். மோதிர விரல் நுனி வெளுத்திருந்தது.

அவளும் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"நெசமாவே தெரியலீங்க எனக்கு" என்றாள்.

ஸ்வெட்டரைத் தூக்கி அந்தக் கையை என் கக்கத்தில் வைத்து இறுக்கிக்கொண்டேன். தண்ணீரிலிருந்து எடுத்த கேரட் மாதிரி சில்லென்றிருந்தது. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், பிறகு அவர்களாகவே எங்கள் பாத்தியிலும் தழை அறுக்க ஆரம்பித்தார்கள். மேலே ஹாரன் விடாமல் அடித்தது.

"எத்தனை நேரமுங்க இப்பிடியே நிக்கறது?"

"செவக்கற வரைக்கும்."

நின்றோம். ஹாரன் ஓய்ந்தது. ஏற்றிய வரைக்கும் ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பி, வளைவுகளில் இறங்கும் சத்தமும் போய்விட்டது. வெயில் ஓடைக்கரைக்கு வந்தபோது கையை வெளியே எடுத்துப் பார்த்தேன். விரல் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.